குளிக்கிறா எண்டு சொல்லுங்கோ

எங்கள் ஊரில் ஒரு பெண்ணைத் தேடி வாசலுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. "படுத்திருக்கிறா" என்றால், "இந்த நேரத்திலயோ? என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். "சமைக்கிறா" என்றால் நேரே குசினிக்கு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று கதைப்பார்கள். "சாமி கும்பிடுறா" என்றால் கதிரையை இழுத்துப் போட்டுக் காத்திருப்பார்கள். காத்திருந்தவருக்குப் பிறகு தேத்தண்ணீரும் போட வேண்டும். ஒரே ஒரு பதிலுக்குத்தான் மறுபேச்சு இல்லை. "குளிக்கிறா." வந்தவர் ஆண் என்றால் செருமிக்கொண்டு வாசல் படலையோடு திரும்பிவிடுவார். பெண் என்றால், "அப்ப நான் பிறகு வாறன்" என்று போய்விடுவாள்.

கணவருக்குப் பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு, இந்த ஒரு பதிலின் தயவில்தான் நான் உயிரோடு இருந்தேன். இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும்.

அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். வாய் ஓயாத மனிதர். அரிசிக்கு வந்த சனம் அவரோடு கதைத்து முடிக்க மதியம் ஆகிவிடும். அந்த வாய் ஒரு காலையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் அதோடு போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது நாலைந்து சொற்கள்தான். அதில் அதிகம் வருவது "வா". தண்ணீருக்கும் வா, மூத்திரத்துக்கும் வா, தலையணை நழுவினாலும் வா, பயந்தாலும் வா. அதற்கு முன்னர் ஒருநாளாவது அவர் என்னை "நீர், வாரும், போம்" என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. பாரிசவாதம் அந்த மரியாதையையும் தின்றுவிட்டது என்று ஆரம்பத்தில் நான் அழுதேன்.

எனக்குக் கரவெட்டியில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. காலையில் அவரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கி, ஓடி பஸ் பிடிப்பேன். மகள் கிழக்கில் கம்பசில் படிக்கிறாள், லீவுக்குத்தான் வருவாள். பகலில் அவரைப் பார்க்க ஒழுங்கை முனையில் இருக்கும் மாமி வருவா. சொந்த மாமி இல்லை, ஊரே அவவை மாமி என்றுதான் கூப்பிடும். பின்னேரம் நான் வேலையால் வந்ததும் சேலையை மாற்றி, வாளியையும் கயிற்றையும் எடுத்து, "மாமி, கிணத்தடிக்குப் போட்டு வாறன்" என்பேன். நான் குளித்துவிட்டு வரும்வரை மாமி நின்றுவிட்டுத்தான் போவா. அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும், போன் அடித்தாலும், "அவ குளிக்கிறா" என்று ஒரே வெட்டு.

எங்கள் வீட்டு வளவில் கிணறு இல்லை. பக்கத்து வளவின் பின்பக்கத்தில் இருப்பது பங்குக் கிணறு. எனக்குச் சீதனமாக வந்த காணி உறுதிப் பத்திரத்திலேயே வீட்டோடு கிணற்றில் பங்கும், கிணற்றுக்குப் போய்வரும் பாதையும் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு கனடாவில். வீடு பூட்டிக் கிடந்தது. மோட்டர் போட்டு எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் வரும், வீட்டுக்குள் ஒரு சின்னக் குளியலறையும் இருந்தது. ஆனாலும் நான் கிணற்றடிக்குத்தான் போவேன். அங்கே கப்பி போட்டிருந்தது. குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு நின்று, வாளியை விட்டு, நிறைந்த பாரம் கையில் தெரியும்வரை பொறுத்து இழுப்பேன். முதல் வாளி காலுக்கு. பிறகு தோளுக்கு. கடைசியில் தலைக்கு. தலைக்கு ஊற்றும்போது காது அடைத்துக்கொள்ளும். அன்று முழுக்கக் கேட்டதெல்லாம் அந்த அடைப்பில் நின்றுபோகும். அழ வேண்டும் போல் இருந்தால் அங்கேயே அழுதுவிடுவேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் சவர்க்காரம் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அரைமணி நேரம்தான். ஆனால் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நிற்கும்போது எனக்குள் கொஞ்சம் அன்பு ஊறியிருக்கும். இரவுக்கு அது போதும்.

ஒருமுறை அலுவலகத்தில் உத்தியோகத்தர்களுக்கு மனஅழுத்தம் பற்றி ஒரு செயலமர்வு வைத்தார்கள். எங்களுக்கு மனஅழுத்தம் வருவதே இப்படியான செயலமர்வுகளால் என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவ முணுமுணுத்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம்பிள்ளை ஒருத்தி நல்ல வடிவாகத்தான் கதைத்தாள். காசு செலவில்லாமல் களைப்பை ஆற்றலாம், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கோ, பின்னேரத்தில் கொஞ்சம் நடவுங்கோ, கடற்காற்று வாங்குங்கோ, பாட்டுக் கேளுங்கோ, உங்களுக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கோ என்றாள். பிறகு ஒவ்வொருவரிடமும், களைத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் குளிப்பன்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. "அப்ப நாங்கள் குளிக்கிறேல்லையோ அக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அந்தப் பிள்ளையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது சரி மிஸ், அதைவிட வேற பொழுதுபோக்கு?" என்றாள். பொழுதுபோக்காம். எனக்குப் பொழுது தானாகவே போய்க்கொண்டிருந்தது, பிடித்து நிறுத்தத்தான் ஆள் இல்லை.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து அண்ணை வந்தார். எனக்கு ஒரே அண்ணை. தங்கமான மனிதர், அதில் குறையே சொல்ல முடியாது. வந்த அன்று பின்னேரம் நான் ஈரத் தலையும் வாளியுமாகக் கிணற்றடியால் வர, அவர் முற்றத்தில் நின்றார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போயிருந்தது.

"உதென்ன கை, தங்கச்சி? வேலைக்கும் போட்டு வந்து, அவரையும் பாத்து, நீ வாளி இழுக்கிறதோ? நான் ஒருத்தன் உயிரோட இருக்கிறனல்லோ?"

"எனக்கு அது விருப்பம் அண்ணை."

"விருப்பமோ? ஆருக்கு வாளி இழுக்க விருப்பம்? எனக்குப் பாரமா இருக்கக்கூடாதெண்டு சொல்லுறாய். உன்னை எனக்குத் தெரியாதே?"

"சத்தியமா அண்ணை, எனக்கு ஒண்டும் வேண்டாம்."

இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் ஊரில் "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை, இன்னொருமுறை கேளுங்கோ என்றுதான் அர்த்தம். சாப்பிட வா என்றால் பசித்த வயிறோடு "வேண்டாம்" என்போம். கையில் எதையாவது திணித்தால் "ஐயோ வேண்டாம்" என்று பின்னுக்கு நகர்வோம். அப்படி வளர்ந்தவர்தான் அண்ணையும். நான் எவ்வளவுக்கு வேண்டாம் என்றேனோ அவ்வளவுக்கு அவருக்கு நெஞ்சு உருகியது. உண்மையாக வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. அல்லது எனக்குத்தான் அது தெரியவில்லை.

பங்குக் கிணற்றுத் தண்ணீரும் பழைய சின்னக் குளியலறையும் போதாதென்று, அடுத்த கிழமையே எங்கள் வளவில் குழாய்க்கிணறு அடித்தார்கள். இயந்திரம் இரண்டு நாள் வீட்டை அதிரவைத்தது. வந்த தண்ணீர் கொஞ்சம் சவர், வாயில் விட்டால் உப்புக் கரித்தது. குளிக்கத்தானே, பரவாயில்லை என்றார் அண்ணை. பிறகு மேசன் வந்து, கணவர் படுத்திருக்கும் முன்னறையோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டினான். மாபிள், ஷவர், பிடித்து நிற்கக் கைபிடி, எல்லாம் முதல் தரம். "அவர் கூப்பிட்டா உனக்கு உள்ளுக்கே கேக்கும்" என்று அண்ணை சந்தோஷமாகக் கதவைத் திறந்து காட்டினார். நான் வேலைக்காரருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு தலையாட்டினேன்.

கனடாக்காரருக்கு நெடுநாளாகச் சுற்றிவர மதில் கட்ட ஆசை. எங்கள் பாதைதான் இடைஞ்சல். அண்ணை அவரோடு போனில் கதைத்து, இனித் தங்கச்சிக்குக் கிணறு தேவையில்லைத்தானே என்று பெரிய மனதாக விட்டுக்கொடுத்தார். பாதையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை எழுதிய நொத்தாரிசு பேனையை என் கையில் தந்தார். அந்த இடத்தில் நான் என்ன சொல்வது? எனக்கு அழ ஒரு இடம் வேண்டும் ஐயா என்றா? கையெழுத்து வைத்தேன். அண்ணை திரும்பிப் போகுமுன் மதில் எழும்பிவிட்டது. என் தலைக்கு மேலே ஒரு முழம். விமானத்துக்குப் போகும்போது அவர் என் தலையைத் தடவி, "இனி எனக்கு அங்க நிம்மதியா நித்திரை வரும்" என்றார்.

அவருக்கு வந்தது. எனக்குப் போனது.

நான் வீட்டுக்குள்ளேயேதானே குளிக்கிறேன், இனி எதற்கு நிற்பது என்று மாமி நான் வந்ததுமே போகத் தொடங்கினா. அவவையும் குறைசொல்ல ஏலாது, அவவுக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஷவரைத் திறந்தால் தண்ணீர் விழும் சத்தம் கணவருக்குக் கேட்கும். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரியும். "வா" என்பார். சவர்க்காரத்தோடு ஓடுவேன். தலையணை நழுவியிருக்கும். திரும்பி வந்து நிற்பேன். அலுவலகப் போன் அடிக்கும். படலையில் யாராவது, "பிள்ளை, அந்தக் கடுதாசி விஷயம்" என்பார்கள். "வா." இந்தக் கோதாரி விழுந்த குளியலறையில் ஒருநாளும் நான் தலைக்கு முழுதாக ஊற்றியதில்லை.

சில மாதத்தில் எனக்குள் என்னவோ வறண்டுகொண்டு வந்தது. கோபம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு கிழவி மேசைக்கு முன்னால் நின்று மகன் காணாமல் போன கதையைச் சொல்லி அழுதா. நான் அவவின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. வீட்டில் அவருக்குக் கஞ்சி பருக்கும்போது கை தன்பாட்டில் கரண்டியைத் தூக்கும், இறக்கும். அவர் விழுங்கினாரா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த கரண்டி. ஒருநாள் புரைக்கேறிக் கண் பிதுங்க இருமினார். நான் முதுகைத் தடவினேன். ஆனால் பதறவில்லை. என் மனுசன் மூச்சுத் திணறுகிறார், எனக்குப் பதறவில்லை. அன்றுதான் இது இப்படியே போனால் நான் அவரைக் கையால் பார்த்தும் மனதால் கொன்றுவிடுவேன் என்று விளங்கியது.

செயலமர்வுப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. சரி, செய்து பார்ப்போமே. வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். வீதியைச் சுற்றி முடிக்குமுன் நாலுபேர் மறித்து, "அவர் எப்பிடி? கையைக் கொஞ்சம் அசைக்கிறாரோ? இன்னார் எண்ணெய் போட்டு எழும்பி நடக்கிறாராம்" என்றார்கள். ஒழுங்கையில் சும்மா நடந்து பார்த்தேன். "என்ன அக்கா நடந்து போறியள், சைக்கிள் உடைஞ்சு போச்சோ? ஏறுங்கோ" என்று மோட்டர்சைக்கிளை நிறுத்தினார்கள். ஏறாவிட்டால் கோபிப்பார்கள். மூச்சை இழுத்து விட்டேன். அதை மாமி கண்டுவிட்டு, நெஞ்சுவலியோ என்று பதறினா.

கடற்காற்றுத்தான் மிச்சம். ஒரு பின்னேரம், பிந்தி வருவேன் என்று மாமிக்குச் சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் போகும் பஸ்சை விட்டுப் பருத்தித்துறை பஸ்சில் ஏறினேன். கரையோரத்துச் சீமெந்துக்கட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மப்பு மூட்டமாக இருந்தது, கடலும் அதே நிறம். நல்லாயிருந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் எழும்பி வந்தார்.

"ஆரும் வருவினமோ அம்மா?"

"இல்லை. சும்மா இருக்கிறன்."

அவர் போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளில் வந்த ஒரு பெடியனிடம் ஏதோ சொன்னார். அவனும் நின்றான். பிறகு கடைக்காரப் பெண் ஒருத்தி தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் இருந்து, "என்ன கஷ்டமெண்டாலும் கதைக்கலாம் அம்மா, அவசரப்படாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சனம் நான் கடலில் விழப்போகிறேன் என்று காவல் நிற்கிறது! பொம்பிளை ஒருத்தி இந்த மண்ணில் தனியே சும்மா இருப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுததுதான் வினை. அவளே என்னை பஸ்சில் ஏற்றிவிட்டாள்.

அங்கே யாரோ என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும், நான் படலையைத் திறக்குமுன் செய்தி மாமிக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. மாமி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றா. போன் அடித்தது. அண்ணை அழுதுகொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி கடற்கரைக்குப் போனனீ? என்ன குறை உனக்கு? சொல்லு, நான் எதெண்டாலும் செய்யிறன்."

நான் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை மாதம் அடைத்து வைத்ததெல்லாம் அந்தக் கேள்வியோடு வெடித்தது.

"எனக்கு என்ரை கிணத்தடி வேணும் அண்ணை! உங்கடை பாத்ரூமும் வேண்டாம், மாபிளும் வேண்டாம்! ஒருத்தரும் என்னை வா எண்டு கூப்பிடாத ஒரு இடம் வேணும்! அரை மணித்தியாலம், அவ்வளவுதான்! அதைக்கூட மதில் கட்டி மூடிப்போட்டியளே!"

அண்ணை, "ஐயோ பிள்ளை, எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார். நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் என்மேல் இருந்தது. லண்டனுக்குக் கத்தியதாகத்தான் நான் நினைத்தேன். ஆனால் என்னை வா என்று கூப்பிடுகிறவர் லண்டனில் இல்லை, எனக்கு ஒரு முழத் தூரத்தில் கிடந்தார். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எவ்வளவோ கதைத்தேன். "உங்களைச் சொல்லேல்லை, இஞ்சாருங்கோ, சத்தியமா உங்களைச் சொல்லேல்லை" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவர் நல்ல கையால் என் கையை மெல்லத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் வேலையால் வந்து, மாமி போனபிறகு, வீட்டுக்குப் பின்னால் போனேன். பழைய வாளி மதிலடியில் கிடந்தது. அதைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன். எதிரே பூசாத சீமெந்துக்கல். அதற்கு அந்தப் பக்கம் கிணறு. அவர் கூப்பிடும்வரை இருப்போம், கூப்பிட்டால் ஓடுவோம் என்றுதான் இருந்தேன்.

அவர் கூப்பிடவில்லை.

படலையில் யாரோ தட்டினார்கள். "அக்கா! நிக்கிறியளோ அக்கா?" ஒழுங்கைப் பெண் ஒருத்தியின் குரல். எழும்பப் பார்த்தேன். அப்போது முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாய்க்குள் கல்லை வைத்து உருட்டுவது மாதிரி. நின்று, திரும்பத் தொடங்கி, திரும்ப நின்று.

"கு… ளி… க்… கி… றா."

அவர் விழுந்த நாளிலிருந்து இப்படியொரு சொல் அவர் வாயில் வரவே இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த தெறப்பிப் பிள்ளை எத்தனை நாள் எதையெதையோ சொல்லவைக்கப் பார்த்துக் களைத்துப் போயிருந்தாள்.

"ஓ… சரி ஐயா, நான் பிறகு வாறன்" என்று அந்தப் பெண் போய்விட்டாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அந்த வாளியின்மேல் இருந்து அழுதேன். இருட்டுப் படும்வரை இருந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார். கிட்டப் போனதும் மணம் தெரிந்தது. சாரமும் விரிப்பும் முழுதாக நனைந்து, ஆறிக் குளிர்ந்துபோய்க் கிடந்தன. நான் பின்னால் போய்க் கொஞ்ச நேரத்திலேயே மூத்திரம் போயிருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அதற்குள் கிடந்திருக்கிறார்.

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை? ஐயோ, ஏன் கூப்பிடேல்லை?"

நான் துடைத்து, மாற்றி, முதுகுக்குப் பவுடர் போட்டேன். எனக்குப் பதறியது. பதறுகிறதே என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் பின்னேரம் நான் போகவில்லை. மாமி போனதும் அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தார். வாயை இரண்டு மூன்று தரம் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்க, "போ… ம்" என்றார்.

"மாட்டன்" என்றேன். "எனக்கு வேண்டாம்."

எங்கள் ஊர் மனிதர்தானே அவரும். ஆனால் அண்ணையைப் போல இல்லை, அவருக்கு என் வேண்டாம் எந்த வேண்டாம் என்று தெரிந்திருந்தது. கண்ணை என்மேலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுமாரியிலிருந்து, நனைந்தாலும் மெத்தைக்கு இறங்காத றப்பர் விரிப்பை எடுத்து வந்தேன். அவருக்குக் கீழே அதை இழுத்து விரிக்க, நான் சொல்லாமலே, நல்ல காலை ஊன்றி இடுப்பைத் தூக்கித் தந்தார். சுருக்கம் இல்லாமல் நாலு மூலையையும் இழுத்துவிட்டு, நான் வீட்டுக்குப் பின்னால் போனேன்.